ஊதா உப்பு சொன்ன முகவரி

கனத் தனிமங்களின் கதை – 17

சென்ற இதழை 1941 பிப்ரவரியில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கில்மன் ஹால் 307-ஆம் அறையில் நிறுத்தியிருந்தோம். ஆர்தர் வால் என்ற ஆராய்ச்சி மாணவர் 94-ஆம் தனிமம் ஒன்று இருக்கிறது என்று நிரூபித்துவிட்டார். ஆனால் அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆல்ஃபா துகள்களை எண்ணும் கருவி ஒன்றுதான் சாட்சி. கரைசலின் எந்தப் பகுதியில் எண்ணிக்கை கூடுகிறதோ அங்கே அது இருக்கிறது என்று பொருள். உலோகமா, உப்பா, என்ன நிறம், என்ன எடை என்று யாராவது கேட்டிருந்தால் அன்று பதில் சொல்ல ஆளில்லை.

பதில் வந்தது உலோகத்திலிருந்து அல்ல. 94-ஆம் தனிமமான புளூட்டோனியம் என்றாலே நாகசாகி நினைவுக்கு வரும். குண்டுக்குள் இருந்த அந்தக் கனத்த உலோக உருண்டை நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தனிமத்தைக் கண்ணுக்குக் காட்டியதும், அது தனிம அட்டவணையில் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னதும் ஃபுளோரின் சேர்ந்த அதன் உப்புகள்தான். குண்டின் வரலாறு எழுதியவர்கள் இந்த உப்புகளை அரைப் பக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். நாம் ஓர் இதழ் முழுக்க இங்கேயே நிற்கலாம்.

வாலும், அவருக்கு வழிகாட்டிய கிளென் சீபோர்க்கும், ஜோசஃப் கென்னடியும் கையாண்ட உத்தி இது. கண்ணுக்குத் தெரியாத அளவு புளூட்டோனியம் இருக்கும் கரைசலில் ஏதேனும் ஓர் அருமண் தனிமத்தைச் சிறிதளவு சேர்ப்பார்கள், பெரும்பாலும் லாந்தனம். பிறகு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். லாந்தனம் ஃபுளோரைடு நீரில் கரையாது, வெள்ளையாக வீழ்படியும். கூப்பிடாமலே பந்தியில் வந்து உட்காருபவனைப் போலப் புளூட்டோனியமும் அந்த வீழ்படிவோடு சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் வீரியமான ஆக்சிஜனேற்றி ஒன்றைப் போட்டு அதன் இணைதிறனை உயர்த்திவிட்டால், அதே புளூட்டோனியம் வீழ்படிவோடு வராது, கரைசலிலேயே தங்கும். மறுபடி ஒடுக்கினால் மறுபடி விழும். ஒரு முறை விழவைத்து, ஒரு முறை தங்கவைத்து, மாற்றி மாற்றிச் செய்தால் உடன் வந்த குப்பையெல்லாம் கழிந்துபோகும். பின்னாளில் ஹான்ஃபோர்ட் ஆலையில் புளூட்டோனியத்தைச் செறிவாக்கிய கடைசிக் கட்டமும் இதே லாந்தனம் ஃபுளோரைடு வேலைதான். ஆய்வகத்திலிருந்து ஆலைக்குப் போனபோது அளவு ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெருகியது, உத்தி மாறவில்லை.

1942 ஏப்ரல் 19 அன்று சீபோர்க் சிகாகோ வந்து இறங்கினார். அன்று அவருக்கு முப்பதாவது பிறந்தநாள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 'உலோகவியல் ஆய்வகம்' என்ற பெயரில் ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அணுகுண்டுத் திட்டத்தின் மூடுபெயர் அது. புளூட்டோனியத்துக்கும் மூடுபெயர்கள் உண்டு. அணு எண் 94-இன் கடைசி இலக்கத்தையும் நிறை எண் 239-இன் கடைசி இலக்கத்தையும் சேர்த்து '49' என்றார்கள். சில காலம் 'தாமிரம்' என்றும் சொன்னார்கள். பிறகு உண்மையான தாமிரமே தேவைப்பட்டபோது அதை 'சத்தியமான தாமிரம்' என்கிற தொனியில் கேட்க வேண்டியதாயிற்று. ரகசியம் காப்பவர்களின் அவஸ்தை தனி.

ஜார்ஜ் ஹெர்பர்ட் ஜோன்ஸ் ஆய்வகத்தின் 405-ஆம் அறை மிகச் சிறியது. அங்கே பர்ரிஸ் கன்னிங்ஹாமும் லூயிஸ் வெர்னரும் வேலை செய்தார்கள். சைக்ளோட்ரான்கள் தந்த நியூட்ரான்களில் நெடுநாள் நனைத்தெடுத்த யுரேனியம் நைட்ரேட் நூற்றுக்கணக்கான பவுண்டு கணக்கில் வந்தது. அதிலிருந்து கிடைக்கக்கூடிய புளூட்டோனியமோ மைக்ரோகிராம் கணக்கில். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரணச் சோதனைக் குழாயில் போட்டால் கண்ணாடிச் சுவரில் ஒட்டியே காணாமல் போகும். எனவே நுண்ணோக்கிக்கு அடியில், மயிரிழைக் குழாய்களில், கைக்குப் பதில் திருகாணிகளை வைத்து வேதியியல் செய்தார்கள்.

1942 ஆகஸ்ட் 20. லாந்தனத்தை முழுக்கக் கழித்துவிட்ட கரைசலில் ஃபுளோரைடைச் சேர்த்தபோது, துணைக்கு யாரும் இல்லாமல் புளூட்டோனியம் தன்னந்தனியாக வீழ்படிந்தது. சுமார் ஒரு மைக்ரோகிராம், லேசான ரோஜா நிறம். மனிதர் செய்த ஒரு தனிமத்தை மனிதக் கண் பார்த்தது அதுவே முதல் முறை. செய்தி பரவியதும் ஆய்வகத்தார் ஒவ்வொருவராக வந்து நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மைக்ரோகிராம் என்றாலும் அது சும்மா கிடக்கவில்லை. அந்த அளவு புளூட்டோனியம்-239 நிமிடத்துக்குச் சுமார் 1,40,000 ஆல்ஃபா துகள்களை உமிழும். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, குவார்ட்சு இழையில் தொங்கும் நுண்தராசில் 2.77 மைக்ரோகிராம் புளூட்டோனியம் ஆக்சைடை எடை போட்டார்கள். அந்த 405-ஆம் அறை இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம்.

நிறம் தெரிந்தது, எடையும் தெரிந்தது. இனி அந்த உப்புக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன? அதைச் சொல்லக்கூடிய ஆள் அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் இருந்தார்: ஃபிரெட்ரிக் வில்லியம் சகாரியாசன்.

நார்வேயின் தென்கரையில் லாங்கெசுண்ட் என்று ஒரு சிற்றூர். 1906-ல் சகாரியாசன் பிறந்தது அங்கே. அந்தக் கடற்கழித் தீவுகள் அபூர்வக் கனிமங்களுக்குப் பேர்போனவை. இந்தத் தொடரின் தொடக்க இதழ்களைப் படித்தவர்களுக்கு ஒரு தீவு ஞாபகம் இருக்கும்: 1828-ல் எஸ்மார்க் என்ற பாதிரியார் ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கி எடுத்த லோவோயா. அந்தக் கல்லிலிருந்துதான் மறு ஆண்டு பெர்சீலியஸ் தோரியத்தைக் கண்டுபிடித்தார். ஆக, முதல் தோரியம் கல் கிடைத்த அதே கழிக்கரையில் வளர்ந்த பையன், ஆஸ்லோவுக்குப் போய் விக்டர் கோல்ட்ஷ்மிட் என்ற மேதையிடம் மாணவனாகச் சேர்ந்து, 22 வயதில் முனைவர் பட்டம் வாங்கினான். 1930-ல் சிகாகோ வந்தார். 1932-ல் கண்ணாடிக்குள் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அவர் எழுதிய கட்டுரையைக் கண்ணாடித் துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கோல்ட்ஷ்மிட் பள்ளியில் அவர் கற்றுக்கொண்டது என்ன என்று பார்க்க வேண்டும். நம் கதையின் திறவுகோல் அங்கேதான். லாந்தனத்தில் தொடங்கி லுட்டீசியம் வரை போகும் அருமண் தனிமங்கள் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருப்பவை. அணு எண் கூடக்கூட அணு பெருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இவற்றின் அயனிகள் படிப்படியாகச் சிறுக்கின்றன. புதிதாக வரும் எலெக்ட்ரான்கள் வெளிக்கூட்டில் சேராமல் உள்ளே இருக்கும் ஒரு கூட்டில் போய் ஒளிந்துகொள்கின்றன. அணுக்கருவின் இழுப்போ கூடிக்கொண்டே போகிறது. 1925-ல் படிகங்களை அளந்து இந்த 'லாந்தனைடு சுருக்கத்தை' நிலைநாட்டிப் பெயரும் வைத்தவர் கோல்ட்ஷ்மிட். அதே ஆஸ்லோவில் ஐவார் ஓஃப்டெடால் என்பவர் டைசோனைட் என்ற கனிமத்தின் படிகக் கட்டமைப்பை ஆராய்ந்தார். டைசோனைட் என்பது இயற்கையில் கிடைக்கும் சீரியம்-லாந்தனம் ஃபுளோரைடு. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் முதலில் கிடைத்தது.

1943-ல் சகாரியாசன் குண்டுத் திட்டத்துக்குள் வந்தார். எக்ஸ் கதிர்ப் பிரிவில் அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர் ரோஸ் மூனி. நியூ ஆர்லியன்ஸின் நியூகோம்ப் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்தவர். பெண்கள் இந்தத் துறையில் அரிதாக இருந்த காலத்தில் படிகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேதியியலாளர்கள் செய்து அனுப்பும் உப்பு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள கண்ணாடிக் குழலுக்குள் பொடியாக வரும், இரு முனையும் உருக்கி மூடப்பட்டு. ஆல்ஃபா துகள் அந்தக் கண்ணாடிச் சுவரைத் தாண்டாது என்பதால் கையாள்வது ஓரளவு பத்திரம். குழலை வட்டமான ஒரு கேமராவின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஃபிலிமை வளைத்து வைத்து, ஒரு சிறு துளை வழியாக எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து கழுவி எடுத்தால் ஃபிலிமில் கறுப்பு வளைகோடுகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் படிகத்துக்குள் இருக்கும் ஏதோ ஓர் அணுத்தள வரிசையின் எதிரொலி. கோடு எத்தனை கோணத்தில் விழுந்திருக்கிறது என்று அளந்தால் தளங்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்று மதிப்பிட்டால் எந்த அணு எங்கே என்பது பிடிபடும்.

இந்த வேலைக்குப் புளூட்டோனியம் ஒருவகையில் வசதியானது. எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலெக்ட்ரான்கள். புளூட்டோனியத்தில் அவை 94. அதனால்தான் மைக்ரோகிராம் கணக்கில் மாதிரி இருந்தாலும் படம் விழுந்தது. அதே வசதி இன்னொரு பக்கம் தொல்லை. ஃபுளோரினுக்கு எலெக்ட்ரான் ஒன்பதுதான். தவில் ஒலிக்கும் இடத்தில் தம்பூராவின் சுருதி கேட்காது. கன அணுக்களின் இடம் துல்லியமாகத் தெரியும், ஃபுளோரின்களின் இடத்தைக் கணக்கிட்டும் ஊகித்தும்தான் வைக்க முடியும். இந்தக் குறை பின்னால் ஒரு திருத்தத்துக்குக் காரணமாயிற்று, அதற்கு வருகிறேன்.

வேதியியலாளர்களுக்குச் சகாரியாசனின் ஃபிலிம் ஒரு நீதிமன்றம். இன்ன சேர்மம் செய்தோம் என்று நம்பிக் குழலில் அடைத்து அனுப்புவார்கள். எங்கோ ஈரமோ ஆக்சிஜனோ புகுந்து சேர்மம் வேறாகியிருக்கும். மைக்ரோகிராம் அளவில் வழக்கமான வேதிப் பகுப்பாய்வு செய்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஃபிலிமின் கோடுகள் சொல்லிவிடும்.

இனி அந்த ஊதா உப்பு. புளூட்டோனியம் ஆக்சைடைச் சூடாக்கி, ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவோடு ஹைட்ரஜனையும் சேர்த்துச் செலுத்தினால் கிடைப்பது புளூட்டோனியம் டிரைஃபுளோரைடு. ஒரு புளூட்டோனியத்துக்கு மூன்று ஃபுளோரின். நிறம் ஊதா, நீரில் கரையாது, உருக வேண்டுமானால் ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் தேவை. ஹைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனைத் துணைக்கு அனுப்பினால் நான்கு ஃபுளோரின் கொண்ட டெட்ராஃபுளோரைடு கிடைக்கும். இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், உருகுநிலை 1,037 டிகிரி. கடும் சூட்டில் ஃபுளோரின் வாயுவையே அதன்மேல் பாய்ச்சினால் ஹெக்ஸாஃபுளோரைடு. இது செம்பழுப்பு நிறம். 52 டிகிரியில் உருகி 62 டிகிரியில் கொதித்துப்போகும்.

ஒரே இரு தனிமங்கள். 1,400 டிகிரி வரை அசையாத உப்பும் உண்டு, வெந்நீர்ச் சூட்டில் ஆவியாகும் உப்பும் உண்டு. ஏன் என்பதைக் கட்டமைப்பு சொல்கிறது. ஊதா உப்பில் ஒவ்வொரு புளூட்டோனியத்தையும் ஒன்பது ஃபுளோரின்கள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. இன்னும் இரண்டு சற்றே தள்ளி நிற்கின்றன. ஃபுளோரின் எதுவும் ஒரு புளூட்டோனியத்துக்கு மட்டும் சொந்தமில்லை, பல புளூட்டோனியங்களுக்குப் பொது. படிகம் முழுவதும் ஒரே பின்னலாகிவிடுகிறது. டெட்ராஃபுளோரைடில் சூழ்ந்திருப்பவை எட்டு. மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம், ஒன்றுக்கொன்று திருகி நிற்கும். ஒவ்வொரு ஃபுளோரினும் இரண்டு புளூட்டோனியங்களுக்குப் பாலம். பின்னல் இங்கேயும் உண்டு, ஆனால் இழை குறைவு. ஹெக்ஸாஃபுளோரைடில் ஆறு ஃபுளோரின்களும் ஒரே புளூட்டோனியத்தோடு நின்றுவிடுகின்றன. பாலம் எதுவும் இல்லை. தனித்தனி மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன, அவ்வளவுதான். கொஞ்சம் சூடு பட்டால் எழுந்து பறந்துவிடும். போதாக்குறைக்குத் தன் ஆல்ஃபா கதிராலேயே தன்னை உடைத்துக்கொண்டு, ஃபுளோரினைக் கக்கி, மெல்ல மெல்ல டெட்ராஃபுளோரைடாக மாறியும்விடும்.

சகாரியாசன் ஊதா உப்பின் ஃபிலிமை எடுத்துப் பார்த்தபோது கோடுகளின் வரிசை அவருக்குப் புதிதல்ல. ஆஸ்லோவின் டைசோனைட், லாந்தனம் ஃபுளோரைடு – அதே வரிசை. லாந்தனத்தோடு புளூட்டோனியமும் வீழ்படியும் சூட்சுமத்துக்கும் இங்கேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது. மூன்று மின்சுமை கொண்ட புளூட்டோனியம் அயனி, லாந்தனம் அயனியைவிடச் சற்றுத்தான் சிறியது. லாந்தனம் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்தாலும் படிகம் கண்டுகொள்வதில்லை. (நான்கு மின்சுமை நிலையிலும் லாந்தனம் ஃபுளோரைடு அதைத் தன்னோடு இழுத்துவிடுகிறது. அங்கே காரணம் இவ்வளவு நேர்த்தியானதல்ல.)

அட்டவணை விவகாரம் இங்கேதான் உள்ளே வருகிறது. அன்றைய தனிம அட்டவணையில் தோரியம் ஹாஃப்னியத்தின் கீழே, யுரேனியம் டங்ஸ்டனின் கீழே இருந்தன. அந்தக் கணக்குப்படி 93 ரீனியத்தின் கீழும் 94 ஆஸ்மியத்தின் கீழும் வர வேண்டும். ஆஸ்மியத்தின் ஆக்சைடு எளிதில் ஆவியாகும். புளூட்டோனியத்திடம் அந்தக் குணம் இல்லை. 93-ஆம் தனிமமான நெப்டியூனியமும் ரீனியத்தின் சாயல் காட்டவில்லை. இரண்டும் யுரேனியத்தைத்தான் ஒத்திருந்தன. 1944-ல் சீபோர்க் ஒரு யோசனையை முன்வைத்தார்: அருமண் தனிமங்களைப் போலவே இங்கேயும் ஒரு தனி வரிசை இருக்கிறது, ஆக்டினியத்தில் தொடங்கும் அதைப் பிரதான அட்டவணையிலிருந்து உருவித் தனியாக, லாந்தனைடுகளுக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியிட்டால் உன் பெயர் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் எச்சரித்தார்களாம். கெடுவதற்கு அப்போது தனக்குப் பெயரே இல்லை என்று சீபோர்க் பிற்காலத்தில் சிரித்தபடி சொல்லிவந்தார்.

யோசனை சரியென்றால் அருமண்களில் கண்ட சுருக்கம் இங்கேயும் தெரிய வேண்டும். தெரிந்தது. யுரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம், அமெரிசியம் என நான்கின் டிரைஃபுளோரைடுகளும் ஒரே டைசோனைட் வகை. அவற்றின் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின்) ஒரு பக்கத்தை மட்டும் இன்றைய அளவீட்டில் தருகிறேன்: யுரேனியத்தில் 7.18 ஆங்ஸ்ட்ராம், நெப்டியூனியத்தில் 7.13, புளூட்டோனியத்தில் 7.09, அமெரிசியத்தில் இன்னும் குறைவு. அயனியின் ஆரமாகக் கணக்கிட்டால் ஒரு படிக்குச் சுமார் நூறில் ஒரு பங்கு ஆங்ஸ்ட்ராம்தான் குறைகிறது. அந்தத் துளி வித்தியாசம் வரிசை தவறாமல் வந்தது. தோரியம் முதல் புளூட்டோனியம் வரை டெட்ராஃபுளோரைடுகளை அடுக்கினாலும் அதே கதை. ஆசிரியர் கோல்ட்ஷ்மிட் லாந்தனைடுகளில் அளந்ததை மாணவர் சகாரியாசன் ஆக்டினைடுகளில் அளந்தார். உள்கூட்டில் எலெக்ட்ரான் நிரம்பும் தொடர் எந்தத் தனிமத்தில் சரியாகத் தொடங்குகிறது என்ற வாதம் அதன் பிறகும் நடந்தது. ஆனால் புளூட்டோனியத்தை ஆஸ்மியத்தின் கீழே வைக்க யாரும் மறுபடி முயலவில்லை.

அந்த ஆசிரியர் அப்போது எங்கே இருந்தார்? கோல்ட்ஷ்மிட் யூதர். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நார்வேயில் 1942 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். நவம்பர் 26 அன்று ஆஸ்லோ துறைமுகத்தில் டோனாவ் என்ற கப்பல் யூதர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். கப்பலுக்காக நின்ற கூட்டத்திலிருந்து கடைசி நேரத்தில் அவரை விலக்கி எடுத்தார்கள்; நாட்டுக்கு அவருடைய அறிவு தேவை என்று சிலர் வாதாடியிருந்தார்கள். டிசம்பரில் ஸ்வீடனுக்குத் தப்பினார், அங்கிருந்து பிரிட்டனுக்கு. போர் முடிந்து ஆஸ்லோ திரும்பியவர் 1947-ல் காலமானார்.

உலோகத்துக்கும் வழி ஃபுளோரைடுதான். 1943 நவம்பரில் சிகாகோவில் பாம்பாக், ஃப்ரைடு, கர்க், ரோசன்ஃபெல்ஸ் என்ற நால்வர் சுமார் 35 மைக்ரோகிராம் டெட்ராஃபுளோரைடை தோரியம் ஆக்சைடால் ஆன ஒரு குட்டி மூசையில் இட்டு, வெற்றிடத்தில் 1,400 டிகிரிக்குச் சூடாக்கி, பேரியம் ஆவியைச் செலுத்தினார்கள். ஃபுளோரினைப் பேரியம் பறித்துக்கொள்ள, முதல் புளூட்டோனிய உலோகம் மணிமணியாகத் திரண்டது. அந்தக் கர்க் பிற்பாடு தடய அறிவியலுக்குப் போய், அமெரிக்காவையே உலுக்கிய சாம் ஷெப்பர்டு கொலை வழக்கில் ரத்தக் கறைகளை ஆராய்ந்தார் என்பது உபரித் தகவல். லாஸ் அலமோஸில் ரிச்சர்டு பேக்கர் குழு பேரியத்துக்குப் பதில் கால்சியத்தை வைத்து, சூட்டைக் கூட்டவும் கசடை இளக்கவும் கொஞ்சம் அயோடினைச் சேர்த்து, கிராம் கணக்கில் உலோகம் எடுத்தது. குளோரைடை ஏன் எடுக்கவில்லை என்றால், அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், ஃபுளோரைடு குடிக்காது. விலை இல்லாமலும் இல்லை. புளூட்டோனியம் உமிழும் ஆல்ஃபா துகள் பக்கத்திலிருக்கும் ஃபுளோரின் அணுக்கருவில் மோதினால் அது சோடியமாக மாறி, ஒரு நியூட்ரானை வெளியே தள்ளும். ஆல்ஃபாவைக் கையுறை தடுக்கும். நியூட்ரானை அது தடுக்காது.

போர் முடிந்து ரகசியம் தளர்ந்த பிறகு, 1948-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா' இதழில் சகாரியாசனின் கட்டுரைகள் வரிசையாக வெளிவந்தன. சிகாகோவில் இரவு பகலாக எடுத்த ஃபிலிம்களின் அறுவடை அது.

திருத்தம் என்றேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன். டைசோனைட் வகையில் ஃபுளோரின்கள் சரியாக எங்கே இருக்கின்றன, அலகுக்கூடு பெரியதா சிறியதா என்பதில் படிகவியலாளர்கள் நீண்ட காலம் ஒத்துப்போகவில்லை. பொடியை விட்டு, வளர்த்தெடுத்த ஒற்றைப் படிகங்களில் அளக்க முடிந்த பிறகே தெளிவு வந்தது. 1965-ல் மான்ஸ்மனும், 1966-ல் பெர்க்லியின் ஸால்கின், டெம்பிள்டன், ஹாப்கின்ஸ் மூவரும் லாந்தனம் ஃபுளோரைடை அளந்து, சமச்சீர் அறுகோணம் அல்ல, அதைவிடக் குறைந்த முக்கோண வகை என்றும், ஓர் அலகுக்கூட்டில் ஆறு மூலக்கூற்று அளவு இருக்கிறது என்றும் முடிவு செய்தார்கள். அதே வகையான புளூட்டோனியம் டிரைஃபுளோரைடுக்கும் அதுவே பொருந்தியது. இடம் நகர்ந்தவை ஃபுளோரின்கள். கன அணுக்கள் சகாரியாசன் வைத்த இடத்தைவிட்டு அநேகமாக அசையவில்லை, சுருக்கக் கணக்கும் தப்பித்தது.

அடுத்த இதழில் ஹான்ஃபோர்ட்: இதே லாந்தனம் ஃபுளோரைடை ஆலை முழுவதற்கும் பயன்படுத்தாமல் பிஸ்மத் ஃபாஸ்பேட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், துருப்பிடிக்காத எஃகை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்ன பாடு படுத்தியது என்று பார்ப்போம்.